நீலம் ஒரு சொட்டு

என் அண்ணியைக் கடையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘சொட்டு’ என்றுதான் சொல்வார்கள், அதுவும் முதுகுக்குப் பின்னால். எந்தப் படத்தைக் காட்டினாலும் தலையைச் சாய்த்துப் பார்த்து, “நீலம் ஒரு சொட்டு கூடுது” என்பார். இல்லாவிட்டால் சிவப்பு ஒரு சொட்டு குறையும். ஒரு சொட்டு என்றால் எவ்வளவு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அவர் சொன்னபடி கூட்டிக் குறைத்தால் படத்தில் இருப்பவர் முகத்துக்கு உயிர் வந்துவிடும். அதனால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

நாங்கள் வேலை பார்ப்பது புகைப்பட ஆல்பம் அச்சிடும் கடை. முன்னால் கவுன்டர், நடுவில் அண்ணி படங்களின் நிறம் திருத்தும் அறை, பின்னால் அச்சு இயந்திரம். இயந்திரமும் கம்ப்யூட்டர்களும் என் பொறுப்பு. என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அண்ணிதான். அண்ணனைக் கட்டிக்கொண்டதற்கு இலவச இணைப்பாக நாத்தனார் நான் வந்து சேர்ந்தேன் என்று எல்லோரிடமும் சொல்வார். அவர் அறைக்கு ஜன்னல் கிடையாது, சுவர் நான்கும் சாம்பல் நிறம். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு யாராவது உள்ளே போனால் திரையில் அதன் சாயல் விழுகிறது என்று, கதவருகே தொங்கும் சாம்பல் நிற அங்கியை மாட்டிக்கொள்ளச் சொல்வார். ஒருமுறை முதலாளியையே மாட்டச் சொன்னார். அவரும் மாட்டிக்கொண்டார், பட்டன்தான் எட்டவில்லை.

அடுத்தவர் திரையில் மூக்கை நுழைப்பது அண்ணியின் இன்னொரு பழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரித்து முடிப்பதற்குள் டிவி ரிமோட் அவர் கைக்கு வந்திருக்கும். பல் டாக்டரின் நாற்காலியில் வாயில் பஞ்சோடு சாய்ந்திருந்தபோதுகூட, எக்ஸ்ரே காட்டும் மானிட்டரைக் கைநீட்டிக் காட்டி ஏதோ முனகியிருக்கிறார். டாக்டர் வலிக்கிறதாக்கும் என்று இன்னொரு ஊசி போட்டுவிட்டார். ஊசியின் மரமரப்பு அடங்கியதும் அண்ணி எழுந்துபோய் அந்த மானிட்டரைச் சரிசெய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் நாலு வருஷம் ஏமாற்றினேன். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு வெள்ளைச் சட்டையில்தான் கவனித்தேன். அண்ணி சரிசெய்து அனுப்பிய படம், இயந்திரத்திலிருந்து வந்த தாளில் சட்டை லேசாக நீலம் பாரித்திருந்தது. அடுத்த வாரம் ஒரு குழந்தையின் பால் பற்களும் அப்படியே வந்தன. மெதுவாகப் பேச்செடுத்தேன்.

“அண்ணி, நீலம் கொஞ்சம் கூட வருதோ?”

“உன் மெஷினைப் பாரு” என்றார். மானிட்டரின் அடியில் இருக்கும் பொத்தான்களை அமுக்கி, எண்கள் எல்லாம் போன மாதம் இருந்த இடத்திலேயே இருப்பதைக் காட்டினார். “இங்க ஒண்ணும் மாறலை. மை தீர்ந்திருக்கும்.” பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அண்ணி பேசாத கடை எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டீ குடிக்கக்கூட யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில் அவர் கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தேன். அதோடு ஒரு சாஃப்ட்வேரும் வந்திருந்தது. கேம் ஆடுகிறவர்கள் இருட்டில் ஒளிந்திருப்பவனைக் கண்டுபிடிக்கத் திரையை வெளிச்சமாக்கிக்கொள்வார்களே, அந்த வகை. அதைத் திறந்தால் வெளிச்சத்துக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று, சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனியாக ஒன்று என்று வரிசையாகக் கோடுகள் இருக்கும். கோட்டில் இருக்கும் குமிழை மவுஸால் பிடித்து நகர்த்தினால் திரை முழுவதும் நிறம் மாறும். நகர்த்தியதைச் சேமித்துவிட்டால், கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மானிட்டரின் பொத்தான்களுக்கு இந்த விஷயமே தெரியாது, அவற்றின் எண்கள் அப்படியேதான் இருக்கும்.

என் யோசனை எளிமையானது. அண்ணியின் கண்ணுக்குத் திரை மஞ்சளாகத் தெரிகிறது, அதனால்தான் படத்தில் நீலத்தைச் சேர்க்கிறார். திரையிலேயே கொஞ்சம் நீலத்தை ஏற்றிவிட்டால் அவர் படத்தில் சேர்க்க மாட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வருவதற்கு முன்னால் நீலத்தை நாலு படி ஏற்றினேன். அன்று மாலை வந்த தாள்களில் சட்டை சட்டையாக இருந்தது. அண்ணி அதைப் பிடித்துப் பார்த்து, “மை மாத்திட்டியா? நான் சொன்னேன்ல” என்றார். நானும் ஆமாம் என்றேன்.

நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை நீலம் மறுபடி எட்டிப்பார்க்கும். நானும் நாலு படி ஏற்றுவேன். இப்படிப் பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் வேறு பெயரில் சேமித்தேன், ஏதாவது தப்பாகப் போனால் பழையதற்குத் திரும்பலாம் என்று. இதெல்லாம் கண்ணின் கோளாறாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. வாய்விட்டுச் சொன்னால் அந்த இரண்டு நாள் மறுபடி வருமே என்று சும்மா இருந்துவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அண்ணி படிக்கிற கண்ணாடி மாற்றப் போன இடத்தில், இரண்டு கண்ணிலும் புரை என்று சொல்லிவிட்டார்கள். வலது கண்ணுக்கு ஒன்றரை மாதத்தில் அறுவை நடந்தது. கட்டுப் பிரித்த அன்று அண்ணி ஒரு குழந்தைபோல் வீடு முழுக்கச் சுற்றிவந்தார். உப்பு, முட்டை ஓடு, துண்டு, அண்ணனின் தலைமுடி என்று வெள்ளையாக இருக்கும் எல்லாவற்றையும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டார். “இடது கண்ணுல உங்க தலை தேங்காய் நார் மாதிரி இருக்கு, வலது கண்ணுல நல்லா நரைச்சிருக்கு” என்று அண்ணனிடம் சொன்னார். இடது கண்ணையே நம்பும்படி அண்ணன் கேட்டுக்கொண்டார்.

நாலு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். முதல் வேலை ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டுப் படப் புத்தகம். நான் அன்று பல்வலியால் விடுப்பு. மாற்றாள் அண்ணியிடம் தாளைக் காட்டாமலேயே அச்சிட்டுப் பெட்டியில் அடுக்கி அனுப்பிவிட்டான். மறுநாள் தலைமையாசிரியை ஒரு புத்தகத்தோடு கவுன்டரில் வந்து நின்றார்.

“எங்க பிள்ளைங்க அறுநூறு பேருக்கும் ஒரே நாள்ல மஞ்சள்காமாலை வந்துருச்சா?” என்று கேட்டார்.

புத்தகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கண் சரியாகிவிட்டது, திரை சரியாகவில்லை. நாற்பத்து நாலு படி நீலம் ஏறிய திரையைப் புதுக் கண்ணால் பார்த்திருக்கிறார். எல்லாம் நீலமாகத் தெரிந்திருக்கிறது. படத்திலிருந்து நீலத்தை அள்ளி அள்ளி எடுத்திருக்கிறார். பல்வலி வந்த அவசரத்தில் நான் அந்த சாஃப்ட்வேரை மறந்தே போயிருந்தேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தலைமையாசிரியை நிற்கிறார், முதலாளி நிற்கிறார், மாற்றாள் என் முகத்தைப் பார்க்கிறான். மறுபடி அச்சிட்டுத் தருகிறோம் என்று முதலாளி கும்பிட்டு அனுப்பினார். பிறகு அண்ணியைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார், குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அண்ணி சண்டை போட்டிருப்பார். அவர் அமைதியாகச் சொன்னதால் பையை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில்தான் விஷயம் பெரிதானது. இடது கண்ணுக்கு அடுத்த வியாழக்கிழமை நாள் குறித்திருந்தார்கள். அண்ணி மாட்டேன் என்றுவிட்டார். புரை முற்றிக் கல்லாகிவிட்டால் பிறகு எடுப்பது கஷ்டம், பார்வையே போகலாம் என்று டாக்டர் சொன்னதை அண்ணன் பத்து தடவை சொல்லிப் பார்த்தார்.

“இருக்கறதும் கெட்டுப் போகட்டும்னா?” என்றார் அண்ணி. “ஒரு கண்ணைக் குடுத்தேன், பொழப்பு போச்சு. இன்னொண்ணையும் குடுத்துட்டு என்ன செய்யறது?”

அவர் சும்மா பிடிவாதம் பிடிக்கவில்லை, நோட்டில் ஆதாரம் இருந்தது. உப்பு, பால், துண்டு எல்லாம் வலது கண்ணில் வெள்ளை. ஆனால் கடையின் திரை நீலம். வீட்டு டிவி நீலம். அவர் போன் நீலம். அவர் அக்கா வீட்டு டிவிகூட நீலம். வெளிச்சம் பட்டுத் தெரிகிற பொருளை இந்தப் புது லென்ஸ் சரியாகக் காட்டுகிறது, வெளிச்சம் விடுகிற பொருளைப் பார்த்தால் பொய் சொல்கிறது என்பது அண்ணியின் முடிவு. கேட்டவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். அந்த டிவிகளையும் போனையும் மஞ்சள் கண்ணோடு திருகி வைத்தவர் அவரேதான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அவர் கைபடாத திரை எங்கள் குடும்பத்தில் ஒன்றுகூட இல்லை.

ஒன்பது நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொன்னால் என் வேலை போகும் என்று பயந்தேன் என்று எழுத ஆசைதான், அது கொஞ்சம் கௌரவமான காரணம். உண்மையில் அண்ணியின் முகத்துக்குத்தான் பயந்தேன். செவ்வாய்க்கிழமை அண்ணன் போன் செய்து, “நீ சொன்னா கேப்பா, ஒரு வார்த்தை சொல்லேன்” என்றபோது, இதற்குமேல் தாங்காது என்று நேரே வீட்டுக்குப் போய் அண்ணியைக் கடைக்குக் கூட்டிவந்தேன்.

அறையில் அவரை உட்காரவைத்து, அந்த சாஃப்ட்வேரைத் திறந்து காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்தபிறகு மூடப்போனேன்.

“மூடாத” என்றார். “நகரு.”

மவுஸை அவரே வாங்கிக்கொண்டார். திட்டுவார் என்று நான் தயாராக நின்றேன். அவரோ ஒரு வெள்ளைத் தாளின் படத்தைத் திரை முழுக்கத் திறந்துவைத்து, இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, நீலக் குமிழை மெதுவாகப் பூஜ்யத்துக்கு இழுத்தார். அங்கே வந்ததும் கை நின்றது.

“வெள்ளை” என்றார். மறுபடி ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். “அட, சுத்த வெள்ளை. கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு நான் தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

“நீ சேவ் பண்ணி வெச்சதெல்லாம் எங்க?”

காட்டினேன். பதினொன்றும் தேதியோடு வரிசையாக இருந்தன. இப்போது வலது கண்ணை மூடிக்கொண்டார். முதலாவதைத் திறந்தார். “மஞ்சள்” என்றார். இரண்டாவதைத் திறந்தார், மூன்றாவதைத் திறந்தார். ஒவ்வொன்றின் தேதியையும் வாய்விட்டுப் படித்தார். அந்த மாதம் என்ன ஆல்பம் செய்தோம் என்றும் அவருக்கு ஞாபகம் வந்தது, அதையும் சொன்னார். ஏழாவதில், “அந்த வருஷம்தான் நான் படியில தடுக்கி விழுந்தேன்” என்றார். பதினோராவதையும் திறந்தார்.

“இதுவும் மஞ்சள்தான்.”

குமிழைப் பிடித்து இன்னும் ஏற்றினார். நாற்பத்தெட்டு, ஐம்பது. கோடு அங்கே முடிந்துவிட்டது. குமிழ் அதற்குமேல் போகவில்லை.

“இன்னும் வெள்ளை ஆகலை. இதுக்கு மேல இல்லையா?”

“இல்ல அண்ணி. அவ்வளவுதான்.”

கையை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். வலது கண்ணால் பார்த்தாரா இடது கண்ணாலா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் திறந்துதான் இருந்தன.

“என் கண்ணு கெட்டுட்டு வருதுன்னு எனக்கு மூணு மாசமாத்தான் தெரியும்” என்றார். “உனக்கு நாலு வருஷமா தெரிஞ்சிருக்கு.”

நான் ஏதோ பூசி மெழுகப் பார்த்தேன். உங்க மனசு கஷ்டப்படக்கூடாதுன்னுதான், வேலைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் என்று சொல்லத் தொடங்கி, சொல்லச் சொல்ல எனக்கே அது காதில் விழ, பாதியில் நின்று அழுதுவிட்டேன். அண்ணி மானிட்டரை அணைத்தார். “அண்ணனுக்கு லீவு கிடைக்காது. வியாழக்கிழமை நீ கூட வா” என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஏழாம் எண். டாக்டர் இடது கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கெட்டியாகிவிட்டது, நேரம் பிடிக்கும், ஆனால் எடுத்துவிடலாம் என்றார். பேனாவை எடுத்து ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார்.

“இந்தக் கண்ணு எப்பலேர்ந்து மங்கலா இருக்கும்மா?”

அண்ணி என் பக்கம் திரும்பினார்.

“அவளைக் கேளுங்க டாக்டர்” என்றார். “அவளுக்குத்தான் தேதி தெரியும்.”

நான் தேதியைச் சொன்னேன், வருஷம், மாதம், செவ்வாய்க்கிழமை என்பது வரைக்கும். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே?”

“ஆமா டாக்டர்” என்றேன்.