விளக்குக்குப் பக்கத்தில் பவளம்

ஜேர்மனியில், வுப்பர்டால் ஓப்பரா மண்டபத்தில் வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி வைப்பது பவளத்தின் வேலை. இரண்டாம் உலகப் போரில் எரிந்து, திரும்பக் கட்டிய கட்டடம் அது. எந்த ஓப்பராவுக்குச் சனம் இடைவேளையிலேயே கோட்டுக் கேட்டு வரும், எதற்கு மூக்கைச் சிந்திக்கொண்டு வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

சிநேகிதி புஷ்பராணியின் மகள் மிதுஷாவின் அரங்கேற்றத்தை அங்கே வைக்க வழி பண்ணியதும் அவள்தான். மேடையில் நெருப்புக்கு இடமில்லை. தீயணைப்புப் பொறுப்பாளர் கிறிஸ்ரியனிடம் நடையாய் நடந்து குத்துவிளக்குக்கு அனுமதி வாங்கினாள். ஒரு நிபந்தனை: மண்டபத்து ஆளாகப் பவளம் விளக்கோடு நிற்க வேண்டும், அவள் விலகினால் விளக்கை அணைத்துவிட வேண்டும்.

“முதல் திரி நீங்கள்தான் கொளுத்த வேணும் அக்கா,” என்றாள் புஷ்பராணி.

“நான் அவரைப் பறிகுடுத்தவள். உன்ர சனம் கதைக்கும்.”

“கதைக்கட்டும். இந்தக் காலத்தில ஆர் அதைப் பார்க்கினம்?”

பவளம் நம்பினாள். கணவர் போனபிறகு முதன்முதலாகப் பட்டு எடுத்தாள், மாம்பழ நிறத்தில்.

அன்று விளக்கேற்ற ஒலிவாங்கியில் ஒரு டாக்டர் தம்பதியைக் கூப்பிட்டார்கள். பிறகு கடைக்கார ஸ்ரீஸ்கந்தராஜாவையும் மனைவியையும். பிறகு இன்னும் சோடி சோடியாக. விளக்கின் ஐந்து முகமும் எரிந்தன. பவளத்தின் பெயர் வரவேயில்லை.

புஷ்பராணி மேடையோரம் வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

“குறை நினையாதேங்கோ அக்கா. மாமி ஒரே பிடி. பிள்ளைக்கு நல்லது நடக்கிற நேரமெண்டு…”

“நீயும் அப்பிடித்தான் நினைக்கிறியோ?”

புஷ்பராணி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். “கொஞ்சம் திரைக்குப் பின்னால நில்லுங்கோ அக்கா. வீடியோவில விழுகிறியள்.”

எதிர்ப்பக்கம் கிறிஸ்ரியன் நெருப்பணைக்கும் போர்வையோடு நின்றார். பவளம் தலையசைத்தால் போதும், விளக்கை அணைத்துவிடுவார். அவருக்குப் பின்னால் மிதுஷா சலங்கையோடு இவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏலாது,” என்றாள் பவளம். “நான் விலத்தினா விளக்கும் நூந்திடும். சொல்லு, இப்பவே போறன்.”

புஷ்பராணி விளக்கைப் பார்த்தாள், முன்வரிசையில் இருந்த மாமியாரைப் பார்த்தாள். திரும்பிப் போய்த் தன் இடத்தில் இருந்தாள்.

பவளம் ஓரடி முன்னுக்கு வந்து விளக்கை ஒட்டி நின்றாள். ஆட்டம் முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் ஐந்து திரியையும் அவளே அணைத்தாள்.

“சாப்பிட்டுப் போங்கோ அக்கா,” என்று வாசல்வரை பின்னால் வந்தாள் புஷ்பராணி.

பவளம் பட்டுச்சேலைக்கு மேலே கோட்டைப் போட்டு, கழுத்துவரை பொத்தான் பூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.