உடைபடாமல் தப்பிய ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்

நானும் என் கணவரும் திண்டிவனத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறோம். சில வருடங்களுக்கு முன், ஓடாமல் கிடந்த பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை உடைத்து விற்க வாங்கினோம். அலுமினியம் நல்ல விலைக்குப் போகுமே என்று கியர் பாக்ஸைக் கழற்றி, சம்மட்டியால் ஒரு அடியும் போட்டுவிட்டார் கணவர். அந்த நேரம் காருக்குள் எட்டிப் பார்த்த நான், கிளட்ச் இல்லாததைக் கவனித்தேன். என் அக்கா வீட்டு ஆட்டோமேட்டிக் காரிலும் அப்படித்தான்.

"நிறுத்துங்க! இது ஆட்டோமேட்டிக்குங்க. பழைய வண்டில இது அபூர்வம், தேடுறவங்க யாராவது இருப்பாங்க" என்று கத்தினேன்.

"ஓடாத வண்டிக்கு இன்னா கியரா இருந்தா இன்னா?" என்று சலித்துக்கொண்டார்.

பழைய கார்களைப் புதுப்பிக்கும் சென்னைக்காரர் ஒருவர் முன்பு எங்களிடம் ஹெட்லைட் வாங்கியிருந்தார். அவருக்குப் போன் செய்தேன். மாலையே வந்துவிட்டார். நல்லவேளை, அடியில் இருந்த ஆயில் தட்டு மட்டும்தான் நசுங்கியிருந்தது.

"இதே கார் என்கிட்ட இருக்கும்மா. இந்த பாக்ஸ் கிடைக்காமத்தான் நிக்குது" என்றவர், முழுக் காருக்கு நாங்கள் கொடுத்ததைவிட அதிகமாகவே அந்த பாக்ஸுக்குத் தந்தார்.

இப்போதெல்லாம் எந்த வண்டி வந்தாலும், பிரிக்கும் முன் நான் சுற்றிப் பார்த்து, நாலு பேரிடம் விசாரித்துவிடுகிறேன். அவசரப்படுத்துகிறவர்களிடம் என் கணவரே பெருமையாக, "இருங்க, வீட்ல பார்த்துக்கினு இருக்காங்க. அவங்க சொன்னாத்தான் விலை" என்கிறார்.

- ஒரு வாசகி, திண்டிவனம்