பல்டன் கடையில் சொல் செல்லாது

“அடுத்தவன் சொன்னான் என்பதற்காக நான் எதையும் நம்பியதில்லை, நம்பப்போவதுமில்லை” என்று மைசூர்ப் பக்கம் திபெத்தியர் குடியிருப்பான பைலகுப்பேயில் துக்பா என்னும் நூடுல்ஸ் சூப் கடை நடத்தும் பல்டன் ஒருமுறை, கரண்டியை உயர்த்தி உலகுக்கு அறிவித்தார். ஒன்று கண்ணால் காண வேண்டும், அல்லது காரணம் காட்டி நிறுவ வேண்டும். அறிவுக்கு வேறு வாசல் கிடையாது.

புத்த மடத்தில், அங்குள்ள பிட்சுகள் வழக்கப்படி காலை உதைத்துக் கைதட்டித் தர்க்கம் பயின்றவர் அவர். யாங்சோமைக் கல்யாணம் செய்வதற்காக மடத்து உடையைக் கழற்றினாரே தவிர, கைதட்டலை விடவில்லை. சூப்பில் உப்பு இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். பல்டன் இடது காலை ஓங்கி ஊன்றி, உள்ளங்கையில் படீரென்று தட்டி, “காரணம்?” என்பார். சூப் ஆறிவிடும். உப்பு வராது.

ஒருநாள் யாங்சோமின் பவள மோதிரம் காணாமல் போனது. மாவு பிசையக் கழற்றி அடுப்படி ஜன்னலில் வைத்தவள், மறந்து கோயிலைச் சுற்றப் போய்விட்டாள். திரும்பி வந்தால் மோதிரம் இல்லை. அந்நேரம் உள்ளே இருந்தது பல்டனும், பாத்திரம் தேய்க்கும் நிங்கம்மாவும்தான்.

பல்டனுக்கு உள்ளூர உற்சாகம். இவ்வளவு சுத்தமான வழக்கு மடத்தில்கூட அவருக்கு வாய்த்ததில்லை. ஜன்னலில் கம்பிவலை, ஆகவே குரங்கு இல்லை. வாசலை ஒட்டி உள்ளே அவரே உட்கார்ந்திருந்தார், ஆகவே வெளியாள் இல்லை. தட்டினார் கையை. ஆகவே நிங்கம்மா.

“நான் எடுக்கலண்ணா.”

“அது வெறும் சொல்லும்மா. ஆதாரம் ஆகாது.”

நிங்கம்மா வாதாடவில்லை. கடை திறந்த நாளிலிருந்து அங்கேயே கிடந்த தன் சீப்பு, தூக்குவாளி, பழைய செருப்பு எல்லாவற்றையும் பைக்குள் போட ஆரம்பித்தாள். இனி வரமாட்டாள் என்பதற்குத் தனியாக நிரூபணம் தேவைப்படவில்லை.

யாங்சோம் இடுப்பில் கைவைத்து நின்றாள். “ஏன், நீங்களுந்தான உள்ள இருந்தீங்க?”

“நான் எடுக்கல.”

“அத எத வச்சு நம்புறது?”

“அதான் சொல்றேன்ல!”

சற்றுமுன் வந்து துக்பா உறிஞ்சிக்கொண்டிருந்த, பல்டனின் பழைய மடத்துச் சகா உறிஞ்சுவதை நிறுத்தினார். “காரணம்?” என்று கைதட்டக் கையை உயர்த்தியவர், பல்டனின் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார்.

பல்டன் மாவைக் கிளறினார், விறகை நகர்த்தினார். மோதிரம் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. கடைசியில் கடைச்சாவியை எடுத்துப்போய் நிங்கம்மாவின் பைக்குள் போட்டார்.

“நாளைக்கு நான் மைசூர் போறேன். கடைய நீயே தொறந்துடு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “ஆதாரம் வேணாமாண்ணா?”

பல்டன் அடுப்பைப் பார்த்தபடி, கடையில் வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: “எடுக்கலன்னு நீதான் சொல்லிட்டியேம்மா.”