ஆளுக்கு ஒரு ஊசி

முதலில் வலிக்கவில்லை. இடது மார்பின் கீழ்ப்பக்கத்தில் எலுமிச்சங்காய் அளவில் ஏதோ கல்லாக இருந்தது. மகள் பிறந்து துடக்குக் (பிள்ளைப்பேற்றுத் தீட்டு) கழித்த கையோடு வந்தது. பால் கட்டியிருக்கும், பிள்ளை குடித்தால் கரையும் என்று விட்டேன். மறுநாள் காய்ச்சல் நடுக்கத்தோடு எழுந்தேன். தோல் சிவந்து பளபளத்தது. பிள்ளை வாய் வைத்ததும் நான் கத்தினேன். அவளும் கத்தினாள்.

பால் கட்டிய மார்போடு மருந்துச்சாலை வாசலில் நிற்கப்போகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் குடியேற்றத் திட்டத்தில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். ஒருவர் தன் முறைக்கு மேல் பாய்ச்சினால் அடுத்தவர் மண்வெட்டியோடு வந்து நிற்பார். வயலுக்கு அது நியாயம். அதே நியாயத்தை எங்கள் ஆட்கள் அரசாங்க மருந்துச்சாலைக்கும் கொண்டு போனார்கள். பெனிசிலின் ஊசி (கிருமியைக் கொல்லும் மருந்து) வந்தால் வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் ஒவ்வொன்று. மூக்கு ஒழுகும் தடிமன்காரனுக்கு ஒன்று, நாரிப்பிடிப்புக்கு (இடுப்புப் பிடிப்பு) ஒன்று, சீழ் பிடித்த எனக்கும் ஒன்று. யாரையாவது ஊசி போடாமல் அனுப்பினால் மேலிடத்துக்குப் பெட்டிசம் போகும். முன்பிருந்த அப்போத்திக்கரி (மருந்து கொடுக்கும் உத்தியோகத்தர்) அப்படித்தான் மாற்றலாகிப் போனார். இப்போதிருந்தவர் அதைப் பார்த்துப் பயந்தவர்.

முதல் ஊசியோடு காய்ச்சல் விட்டது. எழுந்து நெல் அவித்தேன். பிறகு காய்ச்சல் திரும்பி வந்தது. மறுபடி போனபோது அப்போத்திக்கரி கையை விரித்தார்.

"உமக்குப் போனமுறை போட்டாச்சுதல்லோ தங்கச்சி. இண்டைக்கு மற்றவைக்கு."

பின்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற ஒருவர், "அக்கா ரெண்டு முறை பாய்ச்சப் பாக்கிறா" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. அப்போத்திக்கரியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதன்பின் என் முறை வரும்போது ஒன்று, பிறகு இடைவெளி, பிறகு ஒன்று. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வற்றும். அடுத்த தடவை முன்னையதைவிடப் பெரிதாக வரும். கடைசியில் தோல் கிழிந்து சீழ் வடிந்தது. என் கணவர் என்னை பஸ்சில் ஏற்றி வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிள்ளையைத் தன் தமக்கையிடம் விட்டிருந்தார்.

அங்கே கீறிச் சீழை எடுத்தார்கள். பெனிசிலினும் ஒழுங்காகப் போட்டார்கள். காய்ச்சல் அசையவில்லை. சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டொக்டர் என் கணவரைக் கூப்பிட்டு, இதுவரை எப்படி ஊசி போட்டார்கள் என்று கேட்டார். எங்கள் இடத்தில் யாருக்கும் குறை வைப்பதில்லை, எல்லோருக்கும் சமம் என்று இவர் பெருமையாகச் சொன்னார்.

"சமனாப் பங்கிட இதென்ன கோயில் பொங்கலோ?" என்றார் டொக்டர். "அரைகுறையா அடிச்சால் பலமில்லாத கிருமி சாகும். பலமானது மிஞ்சிப் பெருகும். இவவின்ர சீழில இருக்கிறதுக்குப் பெனிசிலின் இப்ப பச்சைத் தண்ணி."

வேறு மருந்து கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார்கள். காத்திருந்தோம். அங்கே மாமி வீட்டில் மகள் மாவில் கரைத்த புட்டிப்பால் குடித்து வயிற்றால் போய் இளைத்துக்கொண்டிருந்தாள். இங்கே நான் வலது பக்கப் பால் வற்றிவிடாமல் கோப்பையில் பீய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். தாய் கோப்பைக்குப் பால் கொடுத்தாள். தடிமனுக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் இதைக் கேளுங்கள்.

புது மருந்து பிடித்தது. காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு விடச்சொல்லிச் சண்டை பிடித்தேன். "காய்ச்சல் உமக்கு விட்டிட்டுது. கிருமி இன்னும் வீட்டைவிட்டுப் போகேல்லை" என்றார் டொக்டர். மருந்து முடியும்வரை வைத்திருந்தார். அன்று அவரைத் திட்டினேன். இன்று திட்டமாட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மகள் என்னை அந்நிய ஆள் போலப் பார்த்தாள். முகத்தைத் திருப்பித் திருப்பி, அழுது, கடைசியில் வலது பக்கம் குடித்தாள்.

கொஞ்சக் காலத்தில் என் கணவருக்குத் தடிமன் வந்தது. மருந்துச்சாலையில் ஊசி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய் வரிசையில் நின்றார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

"இஞ்சாருங்கோ, வெளியில வாங்கோ."

"எங்கட பங்கை ஏன் விடுவான்?"

அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அப்போத்திக்கரியிடம் சொன்னேன்: "இவருக்குப் போத்தில் மிக்ஸ்சர் மருந்தே காணும். பங்கு கேட்டு நிக்கிறவைக்கு என்ர நெஞ்சைத் திறந்து காட்டட்டோ?"

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்தவர் சட்டைக் கையைச் சுருட்டினார். அவருக்கு ஊசி போட்டார்கள்.

ஆகவே நீங்களே கேளுங்கள். இந்த நோய்க்கு ஊசி தேவையா என்று கேளுங்கள். தேவையில்லை என்றால் பேசாமல் வீட்டுக்குப் போங்கள். தேவை என்றால் முழுவதும் போடும்வரை வாசலை விட்டு நகராதீர்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

மகன் பிறந்தபோது இடது பக்கமும் பால் ஊறியது. தழும்புக்குள் வழியில்லை. கல்லாகி நின்று தானாக வற்றியது. மற்றவர்கள் காலத்தைப் போகம் போகமாகச் சொல்கிறார்கள். நான் குளிக்கும்போது அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து, சுடவில்லை என்று தெரிந்துகொண்டபிறகுதான் எனக்கு அன்றைய நாள் தொடங்குகிறது. மகள் வளர்ந்துவிட்டாள். இப்போதும் என் வலது பக்கத்தில்தான் படுப்பாள். இடது பக்கம் கைவைத்தால் நான் தூக்கத்திலும் தட்டிவிடுகிறேனாம்.