நோன்பு நேரத்தை விழுங்கிய மெர்ஜ்

பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். ஓட்டல், லாரி, கூரியர் என்று ஊர் சுற்றிவிட்டு, தி. நகர் கடைகளிலிருந்து வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் வண்டி ஓட்டினேன். அதே கம்பெனியின் பெருங்குடி ஆபீஸில் செயலியைச் சோதிக்க ஆள் தேடினார்கள். போனேன். புரோகிராம் எழுதக் கற்றதும் அங்கேதான்.

ரம்ஜானுக்கு முன் செயலியில் ஒரு விதி சேர்த்தேன். நோன்பாளி ஓட்டுநருக்கு நோன்பு திறக்கும் நேரத்தில் ஆர்டர் போகக் கூடாது. காரணத்தையும் கமிட் மெசேஜில், அதாவது மாற்றத்தோடு சேரும் குறிப்பில், எழுதினேன்.

பெருநாள் நெருங்கும்போது, என்னோடு வண்டி ஓட்டிய நண்பன் போன் செய்தான். கஞ்சியில் வாய் வைக்கிற நேரமாகப் பார்த்து ஆர்டர் வருகிறது, எடுக்கவில்லை, செயலியில் நுழையும் ஐடியை முடக்கிவிட்டார்கள் என்றான்.

"இன்னா மச்சி, தி. நகர்ல ஓட்டமே இந்த வாரம்தான் கீது. இப்ப பார்த்து பூட்டிட்டானுங்க."

"அதுக்குதான்டா விதி போட்டேன்."

"எங்க அது? காக்கா தூக்கிகினு பூச்சா?"

தவறு செயலியுடையது என்று காட்டினால்தான் ஐடியைத் திறப்பேன் என்றார் மேலாளர். தேடினேன். விதி வந்ததற்குக் குறிப்பு இருந்தது. போனதற்கு எங்குமே இல்லை.

ஆளுக்கொரு பிராஞ்சில், அதாவது தனிப் பிரதியில், வேலை செய்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக மெர்ஜ் செய்வோம். ஒரே இடத்தை இருவர் தொட்டிருந்தால் யாருடையது வேண்டும் என்று மெஷின் கேட்கும். அங்கே யாருடையது விடுபட்டு விழுந்தது என்பது வழக்கமான பட்டியலில் தெரியாது. மெர்ஜ் செய்தவன் எழுதினால்தான் உண்டு. ஒவ்வொரு மெர்ஜாகத் திறந்து மெசேஜைப் பார்த்தேன். மெர்ஜ். மெர்ஜ். ஃபிக்ஸ். ஃபைனல். மெர்ஜ். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று நாள் தோண்டினேன்.

கடைசியில் அகப்பட்டது. டீம் லீட் ஆர்டர் பங்கீட்டை மாற்றி எழுதியபோது தன்னுடையதை வைத்துக்கொண்டு என்னுடையதைத் தள்ளியிருந்தார். மெசேஜ்: மெர்ஜ்.

"எடுத்தா ஒரு வரி எழுத வேணாமா சார்?"

"டெஸ்ட்டெல்லாம் பாஸ் ஆச்சேப்பா. மெர்ஜ் மெசேஜை எவன் படிக்கிறான்?"

"நான் படிச்சிகினு கீறேன், மூணு நாளா!"

என் குரலில் ஹாலே திரும்பிப் பார்த்தது. வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

விதியைத் திரும்பச் சேர்த்தேன். எந்த மெர்ஜில் விழுந்தது, ஏன் வேண்டும், எடுத்தால் யார் ஐடி முடங்கும், எல்லாம் எழுதினேன். நீளமாக இருக்கிறது, சுருக்கு என்றார் லீட். ஒரு எழுத்தைக்கூட எடுக்கவில்லை.

ஐடி திறந்தபோது பிறை தெரிந்துவிட்டது. மறுநாள் காலை நண்பன் கூப்பிட்டான்.

"பெருநாள் தொழுகைக்குப் போய்க்கினு கீறேன், ஆர்டர் வருது. எடுக்கலன்னா திரும்பப் பூட்டுவானுங்களா?"