அண்ணனின் கோடு மேலே ஏறியது

எனக்குப் பயம் வந்துவிட்டால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். செய்ய வேண்டியதை மட்டும் செய்யமாட்டேன், மற்றதையெல்லாம் செய்வேன். மனைவிக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டருக்கு பேட்டரி தேடி சேலம் சூரமங்கலம் முழுக்க அலைந்துவிட்டு, மாத்திரை வாங்காமல் வீடு திரும்புகிற ஆள் நான். அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருகிறது என்று தெரிந்ததும் கணினியில் அசையும் வரைபடம் போடக் கற்றுக்கொண்டதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அண்ணன் நாமக்கல்லுக்குப் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். சர்க்கரை வியாதி பல வருஷமாக உண்டு. அது சத்தமில்லாமல் சிறுநீரகத்தைத் தின்றிருந்தது. சேலத்து டாக்டர், "டயாலிசிஸ் எப்படியும் வேணும். அதுக்கு முன்னாடி கையில ரத்தக்குழாயை இணைச்சு ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணிடணும். அது பக்குவமாக ஒண்ணு ரெண்டு மாசம் ஆகும். அவசரத்துக்குப் பண்ண முடியாது" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு நானும் அண்ணனும்தான் எப்போதும் போவோம். கோழிகளை விட்டுவிட்டு இரண்டு பேரும் வர முடியாது என்பதால் அண்ணன் மனைவி பண்ணையிலேயே இருந்துவிடுவார். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். நங்கை கேட்டால் அண்ணன், "அதெல்லாம் பரவால்லைன்னு சொன்னாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

ஆபரேஷன் என்றாலே, "இந்த பேட்ச் கழியட்டும்டா" என்பார். பேட்ச் என்றால் ஒரு தடவை விட்ட கோழிகள். அது கழிவதற்குள் அடுத்தது வந்துவிடும். மூன்று பேட்ச் இப்படியே போயிற்று. நானும் டாக்டரும் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு வியாழக்கிழமைக்குத் தேதி வாங்கினோம். அந்தத் தேதியில் அவர் படுப்பாரா மாட்டாரா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தீவன ஆலை ஒன்றின் அலுவலகத்தில் வாராந்தர அறிக்கை தயாரிப்பது என் வேலை. மேலாளர் எங்கேயோ ஓடுகிற வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம ரிப்போர்ட்டும் இப்படி ஓடணும்" என்று சொல்லியிருந்தார். ஐம்பத்தொரு வயதில் யூடியூபில் என் மகன் வயதுப் பையன்களிடம் பைத்தான் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். மேட்பிளாட்லிப் என்று ஒரு லைப்ரரி. அந்தப் பெயர் என் வாயில் நுழையவே ஒரு வாரம் ஆனது. சினிமா பிலிம் மாதிரி ஒவ்வொரு பிரேமாகப் படத்தை வரையச் சொல்லி அதை ஓட்டிக் காட்டும் வசதி அதில் இருக்கிறது. அண்ணனின் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையெல்லாம் அடுக்கி, அந்த எண்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறுவதை அவர் கண்ணாலேயே பார்த்தால் பயந்துபோய் ஆபரேஷனுக்கு வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். நான் பயந்தது போதாதென்று அவரையும் பயமுறுத்த ஒரு இயந்திரம்.

முதல் இரண்டு நாள் வெள்ளைத் திரைதான் வந்தது. கோடே இல்லை. விசைப்பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன், ஏதோ தூசி அடைத்த மாதிரி. அனிமேஷனை ஒரு பெயர் கொடுத்துப் பிடித்து வைக்கவில்லை என்றால் பைத்தான் அதைக் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு பெயர் வைத்தேன். கோடு ஓடியது. நாற்காலியில் ஏறி நிற்காத குறையாக மனைவியைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, "இது உங்க அண்ணனோட கிட்னியா? இதுக்கா இந்தக் குதி குதிக்கிறீங்க?" என்றாள். வெட்கமாகிவிட்டது.

கடைசிச் சிக்கல் தலைப்பு. சிறுநீரகம் கெடக் கெட ரத்தத்தில் ஏறுவதை எங்கள் ஊரில் கிரியாட்டினின் என்று யாரும் சொல்வதில்லை. உப்பு என்போம். 'ரத்தத்தில் உப்பு' என்று தமிழில் தலைப்புக் கொடுத்தேன். எழுத்துக்குப் பதிலாக வரிசையாகக் காலிப் பெட்டிகள் வந்தன. எழுத்துருவை மாற்ற வேண்டுமாம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பண்ணைக்குப் போக வேண்டும். நேரில் நானே விளக்கிக்கொள்ளலாம் என்று தலைப்பையே தூக்கிவிட்டேன்.

ஞாயிறு மதியம். தீவன மூட்டை அடுக்கிய அறையில் அண்ணன் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. வரைபடத்தை ஏற்றி வைத்திருந்த செல்லை நீட்டினேன்.

"என்றா இது?"

"உங்க ரத்த டெஸ்ட்டுண்ணா. ஆரம்பத்துல இருந்து இன்னிக்கி வரைக்கும். பாருங்."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ஓரத்து எண்கள் அவருக்குத் தெரிந்திருக்காது. நீலக்கோடு இடது மூலையில் கிளம்பி, தயங்கித் தயங்கி, பிறகு விறுவிறுவென்று மேலே ஏறியது. அவர் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த மாற்றம் அல்ல.

"அட! பரவால்லையேடா. ஏறுதே!"

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் முட்டை உற்பத்தி சார்ட் தொங்கிக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர்கள் வாரா வாரம் அதில் புள்ளி வைப்பார்கள். கோடு ஏறினால் கோழி நன்றாக முட்டையிடுகிறது. இறங்கினால் அந்த பேட்ச் கழிவுக் கோழியாக லாரி ஏறிவிடும். முப்பது வருஷமாக அவர் பார்த்த ஒரே வரைபடம் அதுதான். அதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்த நான் இதை யோசித்திருக்க வேண்டும்.

"இந்தா, இங்க வா" என்று நங்கையைக் கூப்பிட்டார். "தம்பி கம்ப்யூட்டர்ல போட்டுக் கொண்டாந்திருக்கான். பாரு, மாத்திரை நல்லா வேலை செய்யுது."

நங்கை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து செல்லை வாங்கினார். ஒரு தடவை ஓடி முடிந்தது. தானாக மறுபடி ஓடியது. இரண்டாம் தடவையும் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"நெசமாத்தானுங்களா, கொழுந்தனாரே?"

இல்லைங்க நங்கை, இது உப்பு, ஏறக் கூடாது. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. வாயைத் திறந்தேன். எனக்குப் பயம் வந்தால் வாயில் எது வரும் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு வந்தது இது:

"அண்ணனுக்கு இப்பத்தான் பீக் புரொடக்ஷனுங்க. இனி தினம் ஒரு முட்டை."

அண்ணன் மூட்டையில் கை தட்டிச் சிரித்தார். "போடா கழுதை! நீ வேணா இடு, எனக்கு வேணாம்" என்றார். நங்கை சிரித்தார். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்பு கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும். சாப்பிட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டோம். அண்ணன் இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கினார். பஸ் ஏறும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். பஸ் வந்துவிட்டது. நங்கை, "அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பிவிடுங்" என்றார். அதையும் அனுப்பினேன்.

திங்கள் போன் செய்ய நினைத்தேன். செவ்வாயும் நினைத்தேன். நினைப்பதில் எனக்குச் சோம்பலே கிடையாது. இதற்கிடையில் வரைபடத்தைத் திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். அச்சைத் தலைகீழாகத் திருப்பினால் ஏறும் கோடு இறங்கும், அவர் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார், நான் வாய் திறக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வரிதான். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் தமிழ் எழுத்துரு சரியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பெட்டிகள் போய் எழுத்து வந்தது, மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தை விட்டுப் பிரிந்து தனியாக நின்றது. அந்தப் புள்ளியைச் சேர்க்க இரண்டு நாள் போராடினேன். எதற்கும் பயப்படாத பொறியாளனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு.

புதன்கிழமை சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கி காத்தால ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறேண்ணா."

"அதைத் தள்ளி வெச்சாச்சுடா. அதான் ஏறுதில்ல? இந்த பேட்ச் கழியட்டும், பாத்துக்கலாம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரிண்ணா" என்றேன்.

புள்ளி ஒருவழியாகச் சேர்ந்து வரைபடம் சரியாக வந்தபோது ஒரு மாதம் போயிருந்தது. சிவப்புக் கோடு, தமிழ்த் தலைப்பு, இறங்கிக்கொண்டே போவது. அழகாக இருந்தது. அதை அனுப்புவதற்குள் ஒரு நாள் விடியற்காலை அண்ணனுக்கு மூச்சு வாங்கி, நுரையீரலில் நீர் கோத்து, சேலத்துக்குத் தூக்கி வந்தார்கள். கையில் எதுவும் தயாராக இல்லாததால் கழுத்தில் குழாய் செருகி டயாலிசிஸ் செய்தார்கள். என்னைப் பார்த்ததும், "கோழிக்குத் தண்ணி பைப்பு போட்ட மாதிரி எனக்கும் போட்டுட்டாங்கடா" என்றார். அவர் சொன்ன ஜோக்குக்கு நான் சிரிக்காமல் இருந்தது அது ஒன்றுக்குத்தான். அந்தக் குழாய் வழியாகக் கிருமி ஏறியது. மூன்றாவது வாரம் இறந்துபோனார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் நங்கை தன் செல்லை எடுத்துக் காட்டினார். "எங்க கொழுந்தனார் போட்டதுங்க. பாருங், எப்படி ஏறிட்டு வருதுன்னு. நல்லாத்தான் இருந்தாருங்க. எப்படிப் போனாருன்னே தெரியலைங்க." வந்தவர்கள் கோடு ஏறுவதைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். சிலர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்கள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பண்ணைக்குப் போனேன். நங்கை முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, இந்தத் தடவை ஜோக் எதுவும் வாயில் வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, முழுவதையும் சொன்னேன். அது உப்பு என்று. ஏறினது கெடுதல் என்று. அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் அட்டையைக் கீழே வைத்தார்.

"தேதியைத் தள்ளி வெச்சது யாருன்னு உங்க அண்ணன் சொன்னாருங்களா?"

"இல்லைங்க நங்கை."

"ஏறுனாலும் தேதி வாங்கியாச்சு, போறேன்னுதான் அவரு சொன்னாருங்க. துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டாரு. நாந்தான் ஆஸ்பத்திரிக்கு போனப் போட்டு இப்ப வேண்டாமுங்க, அவருக்கு நல்லாயிட்டு வருதுன்னு சொன்னேன். கத்தி வெக்கறது எதுக்குன்னு."

உங்கள் மேல் தப்பில்லை என்று ஏதோ உளறினேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"இத்தனை நாளு சொல்லாம இருந்தீங்க. அப்படியே இருந்திருக்கலாமுங்களே, சாமி."

அவர் எழுந்து ஷெட்டுக்குள் போனார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே கோழிகள் ஒன்றாகச் சத்தம் போட்டு அடங்கின. வெகுநேரம் கழித்து வெளியே வந்தவர், நான் இன்னும் போகவில்லையே என்பது போலப் பார்த்தார். "கடைசி பஸ் போயிருமுங்க" என்றார்.