6.44-க்கு எழுதிய ஆழம்

நம்ப முடியாது என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. ஜின், பேய் என்று வாயைப் பிளப்பவர்களை நான் ஒருநாளும் மதித்ததில்லை. ஆனால் இது நடந்தது. இரண்டு வருடத்துக்கு முன், நோன்பு பதினெட்டாம் நாள். அளவுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ருசைஃபாவில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கெமிஸ்ட்ரி டீச்சர். ஊருக்கு நடுவே ஒரு ஓடை போகிறது. ஓடை என்பது மரியாதைக்குச் சொல்வது. கோழி இறகும் குழந்தைகளின் டயப்பரும் மிதக்கும் சாக்கடை அது. நீரின் தரத்தை அளக்கும் போட்டி என்று ஏதோ கடிதம் வந்ததாம். சோதனைக் குழாயைக் கையால் தொட்டே இராத எங்கள் தலைமையாசிரியை உடனே என் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

"நீ சும்மாத்தானே இருக்கே, ஹனாதி!"

விடியல், மதியம், அந்தி என்று மூன்று வேளையும் அளக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மூன்று பெண்களைப் பொறுக்கினேன். ரஹஃப், லுஜைன், ஸுஜூத். நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்கு முன்னால் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும் என்று மூன்று தாய்மார்களும் கண்டிப்பாகச் சொன்னார்கள். வாக்குக் கொடுத்தேன்.

வேலை இப்படித்தான். ஒருத்தி தண்ணீரில் நின்று அளவைக் கத்துவாள். படியில் நிற்கும் நான் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவேன். நான் திருப்பிச் சொல்லும்வரை அந்த அளவு செல்லாது. அவள் நின்று மறுபடி கத்த வேண்டும்.

மாலை 6.31. கடைசி இடம். சாலைக்கு அடியில் ஓடை நுழைகிற கான்கிரீட் சுரங்கத்தின் வாய். தெருவில் ஈ காக்கை இல்லை. வருடம் முழுக்க எதற்கும் அசையாத ஊர், சூப் கிண்ணத்தின் முன்னால் மட்டும் நேரத்துக்கு முன்பே போய் உட்கார்ந்துவிடும்.

தண்ணீரில் இறங்குமுன் ரஹஃப், "தஸ்தூர்" என்று முணுமுணுத்தாள். உள்ளே குடியிருப்பவர்களிடம் அனுமதி கேட்கிறாளாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யார்கிட்டடி பர்மிஷன் கேக்கறே? நோன்பு மாசத்துல ஷைத்தானுக்கே வெலங்கு போட்டாச்சு!"

"பழக்கம், மிஸ்."

"கெமிஸ்ட்ரில முப்பது மார்க்கு வாங்குறியே, அதுவும் பழக்கமா?"

6.38. ஸுஜூத் அளவுகோலை ஊன்றிக் கத்தினாள். "ஆழம் பதினெட்டு சென்டி!"

"பதினெட்டு" என்று சொல்லி எழுதினேன். ரஹஃப் பார்த்த ஆக்சிஜன் பூஜ்யம். நான் எதிர்பார்த்ததுதான். மூவரையும் மேலே ஏறச் சொன்னேன். ஏறினார்கள்.

6.41.

"மிஸ்... ஆழம்..."

தலையை நிமிர்த்தாமலே கேட்டேன். "சொல்லு."

"நூத்தி அம்பத்திரெண்டு."

பேனா நின்றது. மூன்று பெண்களும் என் பக்கத்தில் இருந்தார்கள். ஸுஜூத் ஒரு பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

குரல் சுரங்கத்துக்குள்ளிருந்து வந்தது...

"யாரது உள்ளே?"

தண்ணீரில் கால் வைக்கும் சத்தம்கூட இல்லை. வேலை வெட்டி இல்லாத எவளோ விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

6.42. மறுபடி அதே எண். இன்னும் கிட்டத்தில். சொல்லிவிட்டுக் காத்திருந்தது. என் பெண்கள் எனக்காகக் காத்திருப்பார்களே, அதே மாதிரி.

ஸுஜூத் என் சட்டைக் கையைப் பிடித்தாள். "மிஸ்... அது என் கொரல்."

"ஆமா, உன் கொரலுக்கு அவ்வளவு கிராக்கி! சும்மா இரு."

படியில் கிடந்த அளவுகோலைப் பார்த்தேன். பதினெட்டு வரைதான் நனைந்திருக்க வேண்டும்.

உச்சி வரை சொட்டிக்கொண்டிருந்தது.

6.43.

"மிஸ்... நூத்தி அம்பத்திரெண்டு..."

சுரங்க வாயிலேயே கேட்டது. அங்கே யாரும் இல்லை.

லுஜைன் அழ ஆரம்பித்தாள். "போயிடலாம், மிஸ்..."

பயந்தேன். பயந்துவிட்டேனே என்று எனக்கே ஆத்திரம் வந்தது.

"நூத்தி அம்பத்திரெண்டு! எழுதிட்டேன், போதுமா? போய்த் தொலை!"

எழுதியும் விட்டேன். 6.44.

உள்ளிருந்து அமைதியாக வந்தது.

"சரி, மிஸ்."

ஓடினோம்.

6.57-க்கு ஸுஜூதை அவள் வீட்டு வாசலில் ஒப்படைத்தேன். அவள் அம்மா கையில் பேரீச்சம்பழத் தட்டு இருந்தது. 7.02-க்குப் பாங்கு. சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் என்று எனக்குப் பெருமைகூட.

எட்டு நாள் கழித்து, பட்டப்பகல் நாலு மணிக்கு, கதாயிஃப் இனிப்பு வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போன ஸுஜூத் திரும்பவில்லை. தகவல் வந்தபோது சுரங்கத்தைப் பார்க்கச் சொன்னதே நான்தான். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தேடினார்கள். செருப்புகூடக் கிடைக்கவில்லை. தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை என்றார்கள்.

காவல் நிலையத்தில் அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அதிகாரி படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தார். பெயர். வயது. உடுத்தியிருந்த துணி.

"உயரம்?"

"பெருநாளுக்குத் துணி தைக்க நேத்துதான் அளவெடுத்தேன்" என்றாள் அம்மா. "நூத்தி அம்பத்திரெண்டு."